அளவு ஜாக்கெட்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் நான் அளவு ஜாக்கெட் வாங்கித் தைப்பதில்லை. "போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்குத் தைச்சது, கச்சிதமா இருக்கும், இதை வச்சே வெட்டிருங்க" என்று பையை நீட்டுவார்கள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பேன். சிலருக்கு இது பிடிக்காது. வயதான உடம்பில் டேப் படுவதே அவர்களுக்குச் சங்கடம். தொப்பையும் தொய்வும் கூனும் என் நோட்டில் எண்ணாக ஏறுவது அதைவிடச் சங்கடம். ஆனாலும் அளந்துதான் வெட்டுவேன். மதுரை செல்லூரில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறவள் நான். மூப்பு எப்படி வருகிறது என்பதை அந்த டேப்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. முதலில் வாடிக்கைக்காரர்களின் உடம்பில் பார்த்தேன், பிறகு என் உடம்பிலேயே பார்த்தேன்.

வயதானால் சுற்றளவு கூடும், அவ்வளவுதானே என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சுற்றளவு சின்ன விஷயம். பக்கத்தையலில் உள்ளே விட்டிருக்கும் துணியைப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. சிக்கல் உயரத்தில் இருக்கிறது. தோளிலிருந்து இடுப்பு வரை முன் உயரம் ஒன்று, பின் உயரம் ஒன்று எடுப்போம். அறுபதை நெருங்கும்போது பலருக்கு முன் உயரம் குறைகிறது, பின் உயரம் நீள்கிறது. முதுகு மெல்ல வளைவதால் வருகிற மாற்றம் இது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். முதுகெலும்பின் கட்டைகளில் ஒன்றிரண்டு முன்பக்கம் நசுங்கிப்போகும். கீழே விழாமலே இது நடக்கும். பலருக்கு நடந்ததே தெரியாது. "முதுகு கொஞ்சம் வலிச்சுச்சு, தைலம் தேய்ச்சேன், சரியாப் போச்சு" என்பார்கள். பழைய அளவில் தைத்த ஜாக்கெட்டை அந்த முதுகில் போட்டால் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்பக்கம் சுருக்கம் விழும், கழுத்து தோளைவிட்டு நழுவும். தையல் சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்களை உட்காரவைத்து நோட்டில் பழைய அளவையும் புதிய அளவையும் காட்டுவேன்.

நைட்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தோளிலிருந்து பாதம் வரை ஒரே உயரம்தான் அதில் அளவு. வழக்கமாகத் தைக்கும் உயரமே தரையில் புரள ஆரம்பித்தால் நைட்டி நீளவில்லை, ஆள் குறைந்திருக்கிறார். இளம் வயது உயரத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவர்கள் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அப்படி வருகிறவர்களிடம் எலும்பு டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லாமல் விடுவதில்லை. கூடவே நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே இரண்டு அங்குலம் தூக்கி மடித்துவிடுவேன். "கால் தெரியுதே" என்று கேட்பவர்கள் உண்டு. இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது விளிம்பு காலில் தட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். எலும்பு மெலிந்த உடம்புக்குக் கால் தெரிவது ஒரு குறையே இல்லை.

டேப் சொல்கிற வேறு சங்கதிகளும் உண்டு. கைச் சுற்றளவு குறைந்து வயிறு கூடினால் தசை கரைகிறது என்று அர்த்தம். எடை பார்க்கிற மிஷினில் இது தெரியாது, எடை அப்படியேதான் இருக்கும். படியேறும்போது மூச்சு வாங்குவதையும், தரையிலிருந்து எழ முடியாததையும் வயசு என்று விட்டுவிடுகிறார்கள். பாதிக் காரணம் உட்கார்ந்தே இருப்பதும், சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பருப்பையும் முட்டையையும் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதும்தான். இன்னொரு பக்கம், திடீரென்று மெலிகிறவர்கள். ஒரு அக்கா சில மாத இடைவெளியில் எல்லா அளவிலும் இறங்கியிருந்தார். மெலிந்ததில் அவருக்குச் சந்தோஷம். நான் தாகத்தைப் பற்றியும் ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள் என்றும் கேட்டேன். எனக்கும் சுகர் உண்டு என்பதால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். ரத்தப் பரிசோதனையில் சுகர்தான் என்று வந்தது. சுகர் இல்லாவிட்டால் தைராய்டு, காசநோய், இன்னும் பெரிய வியாதிகள் என்று பார்க்க வேண்டியிருக்கும். வயதான காலத்தில் முயற்சி எதுவும் இல்லாமல் உடம்பு இறங்கினால் அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாவாடை நாடாவைப் பற்றி நான் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே நியாயம் செய்யாதவள் ஆவேன். நாற்பது ஐம்பது வருடம் ஒரே இடத்தில், நம் ஊர் வேர்வையில், கயிறுபோல மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். இடுப்பில் கறுப்பாகத் தடம் விழுகிறது. சிலருக்கு அது அரிக்கும், உரியும், ஆறாத புண்ணாகும். அபூர்வமாக அந்தப் புண் புற்றாக மாறியதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆறாமல் இருக்கும் புண்ணுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்காமல் காட்டிவிட வேண்டும். என்னிடம் வரும் வயதானவர்களுக்கு நான் நாடாவை எடுத்துவிட்டு இரண்டு அங்குல அகலத்தில் பட்டை வைத்து, பக்கவாட்டில் கொக்கி தைத்துக் கொடுக்கிறேன். இறுக்கம் அகலமாகப் பரவிவிடும். "சேலை நிக்குமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நிற்கும். சந்தேகம் இருந்தால் பட்டைக்குள் கொஞ்சம் எலாஸ்டிக் கொடுத்தால் போதும்.

அளவெடுக்கும்போது நான் இன்னொன்றும் செய்வேன். கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொடச் சொல்வேன்; தலைக்கு மேலே தூக்கச் சொல்வேன். ஜாக்கெட் எப்படி வெட்ட வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்யும். பின்பக்கக் கொக்கி போட முடியவில்லை, தலை சீவும்போது கை ஏறவில்லை என்று ஆரம்பித்தால் அது பெரும்பாலும் தோள்பட்டை இறுக்கம். இப்போது எல்லோரும் ஃப்ரோசன் ஷோல்டர் என்றே சொல்கிறார்கள். சுகர் இருக்கிறவர்களுக்கு அதிகம் வரும். எனக்கும் வந்தது. முதலில் ராத்திரி தூங்கவிடாத வலி, பிறகு வலி குறைந்து மூட்டு பூட்டிக்கொள்ளும், பிறகு மெதுவாக, மிக மெதுவாக இளகும். முழுக்க இளக வருடக் கணக்கில் ஆகும் என்று பிசியோதெரபி செய்த பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த நேர்மையால்தான் நான் பாதியில் விடவில்லை. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் ஏற வேண்டும். எவ்வளவு ஏறினேன் என்று துணியில் குறி போடும் சாக்கட்டியால் சுவரில் கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே அரை அங்குலம்கூட இருக்காது, சில வாரம் கோடு கீழேயும் இறங்கியது. இன்றும் அந்தக் கோடுகளை வெள்ளையடிக்க விடவில்லை. தோள் வலியோடு வருகிறவர்களுக்கு அதைக் காட்டத்தான்.

அந்தக் காலத்தில் நானே எனக்குத் தைத்துக்கொண்ட ஜாக்கெட்டுகளில்தான் பல விஷயங்கள் புரிந்தன. கைக்குழியை அரை அங்குலம் கீழே இறக்கி, கையைக் கொஞ்சம் தளர்த்தி, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி வெட்டினால் மாட்டுவது பாதி சுலபம். வலிக்கிற கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்களுக்கும் இதே முறைதான். மார்பகப் புற்றுக்கு அறுவை செய்து அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம்; அவர்களுக்குக் கை இறுக்கமாகவே இருக்கக் கூடாது, பார்டருக்கு உள்ளே மடிப்புத் தடிமனாக விழவும் கூடாது. மார்பை எடுத்த பக்கத்தில் உள்ளே மெல்லிய பருத்தியில் ஒரு பை வைத்துவிட்டால் பஞ்சுத் திண்டை அதில் வைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "கொஞ்சம் லூசா" என்று மட்டும் சொல்வார்கள். கதவைச் சாத்திவிட்டு, வேறு ஆள் இல்லாமல், நாமாகக் கேட்க வேண்டும்.

இனி தைக்கிறவள் உடம்பு. அப்பா மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் போட்டிருந்தவர்களில் ஒருவர். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதைப் பார்க்க அவர் இல்லை. சிங்கர் மிதி மிஷினில் காலையிலிருந்து ராத்திரி வரை. அவருக்குக் கழுத்தும் இடுப்பும் விட்டுப்போனபோது செய்ததெல்லாம் மெடிக்கலில் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டதுதான். திருவிழா நேரத்தில் மாத்திரையைச் சோறு மாதிரிச் சாப்பிட்டார். கடைசியில் சிறுநீரகம் பழுதானது. மாத்திரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சுகரும் பிரஷரும் இருந்தன. ஆனால் டாக்டர் முதல் வேலையாக நிறுத்தச் சொன்னது அந்த மாத்திரைகளைத்தான். வலி மாத்திரை தொடர்ந்து எடுத்தால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்குச் சேதம், பிரஷர் ஏற்றம் எல்லாம் வரும் என்பது அன்றைக்கு மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. இன்றைக்குத் தெரிந்தும் வாங்கிப் போடுகிறார்கள். கல்யாண சீசனில் என் வயதுத் தையல்காரிகள் பையில் அந்த அட்டை இல்லாமல் இருப்பது அரிது. எனக்கு இதில் வருத்தமும் கோபமும் உண்டு. ஒரு ஆர்டரைக் குறைத்துக்கொண்டால் தீருகிற வலிக்கு ஒரு உறுப்பை விலையாகக் கொடுக்கிறோம்.

கண்ணில்தான் எனக்குத் தொடங்கியது. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் விறைத்துக்கொண்டே போகும், கிட்டத்துப் பார்வை மங்கும். எல்லோருக்கும் வருவது. ஆனால் படிக்கிறவருக்குக் கொடுக்கும் கண்ணாடி தைக்கிறவருக்குச் சரிப்படாது. புத்தகத்தை ஒரு அடி தூரத்தில் பிடித்துப் படிப்போம். மிஷின் ஊசிக்கும் என் கண்ணுக்கும் ஒன்றரை அடி. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் ஊசியைப் பார்க்கக் கழுத்தை முன்னால் நீட்டிக் குனிய வேண்டியிருக்கும். கழுத்துவலியில் பாதி அங்கிருந்துதான். அடுத்த முறை கண் பரிசோதனைக்குப் போகும்போது டேப்பையும் கொண்டுபோய், இந்தத் தூரத்துக்குத்தான் வேண்டும் என்று அளந்து காட்டினேன். அதற்கேற்றபடி எழுதிக்கொடுத்தார்கள். பிறகு மிஷினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினேன். கழுத்து இறங்குவது குறைந்தது.

பிறகு புரை வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டேன். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் டாக்டர் ஜி. வெங்கடசாமியின் படத்தை மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அவர் விரல்களை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. 1918இல் பிறந்தவர். ராணுவத்தில் மருத்துவராக இருந்துவிட்டு வந்த முப்பது வயது வாக்கில் முடக்குவாதம் தாக்கிப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மகப்பேறு மருத்துவராக நினைத்திருந்தவர். விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போய்விட்டன. பிறகு கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். கையால் தொழில் செய்கிற எனக்கு இந்த வரலாற்றில் மனதில் நின்றது ஒன்றுதான். விரலைப் பழைய மாதிரி நிமிர்த்தும் வரை அவர் காத்திருக்கவில்லை. இருக்கிற விரலுக்குக் கருவியை மாற்றினார். அறுவைக்குப் பிறகு தூரப் பார்வை பளிச்சென்று வந்தது. உள்ளே வைத்த லென்ஸ் தூரத்துக்கானது என்பதால் ஊசிக்குக் கண்ணாடி இன்றும் வேண்டும். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாத தையல்காரிகள் ஆபரேஷனே தோற்றுவிட்டதாக நினைத்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் காலை வெளிச்சத்தில் மட்டும்தான் கை வைப்பேன். ஊசி கோர்க்கப் பேத்தி வருகிற ஞாயிற்றுக்கிழமை, வாரத்துக்கு வேண்டிய ஊசிகளை வண்ண வாரியாகக் கோர்த்துத் திண்டில் குத்தி வைத்துவிடுவாள். "அப்பத்தா, இந்த வாரம் மெரூன் ஜாஸ்தி போட்டிருக்கேன்" என்று கணக்குச் சொல்வாள். இடையில் தீர்ந்தால் ஊசி கோர்க்கும் கம்பி இருக்கிறது.

விரல் கதை வேறு. கத்தரி பிடிக்கிற கையில் கட்டைவிரல் காலையில் மடங்கியே இருக்கும். மற்ற கையால் இழுத்தால் டக்கென்று நிமிரும். தசைநாண் ஓடுகிற குழாய் வாய் தடித்து, நாண் அதில் மாட்டிக்கொள்கிறது என்று விளக்கினார்கள். ட்ரிக்கர் ஃபிங்கர் என்று பெயர். இதுவும் சுகர்க்காரர்களுக்கு அதிகம். ஊசி ஒன்று போட்டார்கள். ஸ்டீராய்டு என்பதால் சில நாள் சுகர் ஏறும் என்று முன்னாலேயே எச்சரித்தது நல்லதாயிற்று, அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துக்கொண்டேன். பிறகு வேலை வரிசையை மாற்றினேன். எழுந்ததும் வெட்ட உட்கார்வதில்லை. வெந்நீரில் கையை வைத்திருந்து, சமையலை முடித்து, விரல் இளகிய பிறகுதான் கத்தரி. நான்கு மடிப்புத் துணியை ஒரே வெட்டில் வெட்டுவதையும் விட்டுவிட்டேன். நேரம் இரட்டிப்பாகிறது. ஆகட்டும்.

மோட்டார் வைத்தால் கால்வலி போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்தேன். முழங்கால் வலி குறைந்தது உண்மை. ஆனால் சாயங்காலம் பாதம் வீங்க ஆரம்பித்தது, கெண்டைக்காலில் நரம்பு புடைத்தது. மிதி மிஷினில் கெண்டைச்சதை ஓயாமல் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. மோட்டாரில் கால் சும்மா தொங்குகிறது. ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பாபின் நூல் தீரும் ஒவ்வொரு முறையும் எழுந்து, வாசல் வரை நடந்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிவிட்டுத்தான் அடுத்த பாபின். கடிகாரம் பார்த்து எழுவது என்னால் ஆகவில்லை; பாதித் தையலில் மனம் எழாது. பாபின் தீர்ந்தால் எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும்.

தைலத்தையும் ஒத்தடத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர், பிண்ட தைலம், சூடான தவிட்டு ஒத்தடம் எல்லாம் இறுகிய சதைக்குச் சுகம் தருகின்றன. வாரத்தில் ஒருநாள் முடக்கத்தான் தோசையும் உண்டு. ஆனால் சுகரால் பாதம் மரத்துப்போனவர்கள் காலுக்கு ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோய், புண் ஆறாமல், விரலை எடுக்கும் வரை போனவர் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. தையல்காரி வீட்டில் வெறுங்காலோடு நடப்பதும் அப்படித்தான். கீழே விழுந்த குண்டூசி மரத்த காலுக்குத் தெரியாது. நான் அறைக்குள்ளும் செருப்புப் போட்டிருக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன்; அதற்கென்றே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று கட்டிலடியில் இருக்கிறது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் உண்டு. தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அறுபதுக்கு மேல் ஓய்வூதியமும் இருக்கிறது. வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள்தான் தங்களைத் தொழிலாளி என்றே நினைக்காமல் பதியாமல் விடுகிறார்கள். பதியுங்கள் என்று கண்ணில் படுகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது மேசையில் கிடப்பது பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த ஒரு பெரியம்மாவுக்கான நைட்டி. மருமகள் அளவு நைட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தாள். நான் வீட்டுக்கே போய் அளந்துவிட்டு வந்தேன். இடது தோளிலிருந்து கை விளிம்பு வரை மேல்தையலைத் தைக்காமல் திறந்து விட்டிருக்கிறேன், கையைத் தூக்காமலே மேலே போர்த்தி மூடிவிடலாம். முன்பக்கம் இடுப்பு வரை திறப்பு. வலது கை நன்றாக இருப்பதால் வலக்கையாலேயே எட்டி மூடுகிற மாதிரிப் பட்டைகளை வைக்க வேண்டும். பெரியம்மாவுக்கு மற்றவர் வந்து மூடிவிடுவது பிடிக்கவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பிரஸ் பட்டன் வைத்துப் பார்த்தேன். ஒரு கையால் அழுத்த அடியில் கெட்டியான இடம் வேண்டும், தோளில் அது இல்லை. வெல்க்ரோ ஒரு கையால் மூடலாம். ஆனால் அதன் முரட்டுப் பக்கம் சருமத்தில் பட்டால் கீறும், துவைக்கும்போது பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டாமல் போகும். முரட்டுப் பக்கத்தை மேல்துணியின் உள்முகத்திலும் மெத்தென்ற பக்கத்தை அடித்துணியின் மேலும் வைத்து, அடித்துணியை ஓர் அங்குலம் அகலமாக நீட்டியிருக்கிறேன். துவைக்கும் முன் மூடிவிட்டுத்தான் போட வேண்டும் என்று மருமகளிடம் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அவர் கைக்கு எட்டுகிற இடத்துக்கு இரண்டாவது பட்டையை நகர்த்துவேன்.